கரிக்கோச்சிக்கு நாலு சஹன்

சுபியானுக்கு வலி எப்போதும் வலப்பக்க இடுப்பில்தான் தொடங்கும். மூடை ஏறுவது வலத் தோளில். அதன் பாரம் முதுகு வழியாக இறங்கி இடுப்பில் வந்து குந்திக்கொள்ளும். அன்று செவ்வாய்க்கிழமை, இரண்டு லொறி நெல் இறக்கி முடித்தபோது வலி இடுப்போடு நிற்காமல் தொடையையும் பிடித்திருந்தது. கல்முனையில் அந்த அரிசி மில்லில் இருபத்தாறு வருடமாக மூடை சுமக்கிறான். வயது ஐம்பத்திரண்டு. இடுப்புக்கு மட்டும் எண்பது இருக்கும்.

ஒரு தவிட்டு மூடையில் குந்திக்கொண்டு போனை எடுத்தான். சொல்லவேண்டியதைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். நானும் பொண்டாட்டியும், ரெண்டு பேர், சனிக்கிழமை. அவ்வளவுதான். வீட்டிலிருந்து பேசியிருந்தால் நிம்மதி. ஆனால் சீட்டுப் பதிகிற பதுளைக்காரர்களின் ஒஃபிஸ் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். மில் விடுவது ஆறு மணிக்கு. ஆகவே சுற்றிவர பத்துப் பேர் வியர்வை துடைத்துக்கொண்டு நிற்க, கணக்கெழுதும் குணம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அவன் பேசவேண்டியதாயிற்று.

பதுளைப் பக்கம் ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துக்குள், வெள்ளைக்காரன் காலத்துக் கரிக்கோச்சி ஒன்றை, கரி தின்று ஓடுகிற நீராவி ரயிலை, தூசு தட்டி மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். சனி, ஞாயிறு மட்டும் ஓடும். மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம். அதன் நோட்டீஸை வேன்காரன் பாக்கியராசா தன் வேன் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். ‘குடும்ப அறைகள். ஓர் அறையில் எட்டு ஆசனங்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. படத்தில் கறுத்த எஞ்சின் புகை கக்கிக்கொண்டு நின்றது. எஞ்சினுக்கு அடுத்தாற்போல ஒரு திறந்த பெட்டி. அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் காலை நீட்டித் தனியே குந்தியிருந்தான். அந்தப் படத்தை றினோஸா வேனுக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

றினோஸா அவனுடைய மனைவி. போன வருடம் சுபியானின் இடுப்பு விழுந்து நாற்பது நாள் பாயோடு கிடந்தபோது வீட்டைத் தாங்கியது அவளுடைய இடியப்பம். மூன்றரை மணிக்கு எழும்பி, மாக் குழைத்து, அடுப்பு மூட்டி, விடியுமுன் இருநூறு இடியப்பம். இரண்டு மகன்மாரும் கலியாணம் முடித்துப் பெண் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கைக்கு உதவ ஒருவருமில்லை. நாற்பத்தோராம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற சுபியான் தானாகவே வாக்குக் கொடுத்தான்.

"ஒனக்கு நான் ஒரு நாள் தாறன் புள்ள. அடுப்பே பத்த வைக்காத ஒரு நாள். எங்க போறயெண்டு நீயே சொல்லு."

றினோஸா யோசிக்கவில்லை. "கோச்சி," என்றாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்கென்று தனியே ப்ளேன் ஏறியவள் அவள். இரண்டு வருடம் அங்கே அரபு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு, தனியாகவே ப்ளேன் ஏறித் திரும்பி வந்தவள். ஆனால் கோச்சியில் கால் வைத்ததில்லை. அம்பாறைக் கரையில் தண்டவாளம் கிடையாது. கோச்சி மட்டக்களப்போடு நின்றுவிடும்.

போனை எடுத்தது ஒரு பெண்பிள்ளை. "வணக்கங்க, கிருசிகா பேசுறேன். எத்தன அறை வேணுங்க?"

சுபியான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"அறையா?" என்றான்.

குணம் நிமிர்ந்தான். "ஆருக்கு சுபியானண்ணன் அறை எடுக்கிறீங்க? மதினிக்கும் உங்களுக்குமா?" பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒருவன் சீட்டியடித்தான்.

சுபியானுக்குக் காதெல்லாம் சுட்டது. பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு உல்லாசம் போகிற வயதா என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டதாகவே அவன் காதில் விழுந்தது.

"ஒரு அறை," என்றான் கடுகடுவென்று.

"ஒரு அறைக்கு எட்டு சீட்டுங்க. எட்டுப் பேர் வருவீங்களா?"

"எட்டு சீட்டுக்கு எட்டுப் பேர்தானே வருவாங்க. ஒம்பது பேரா வருவாங்க? எழுதுங்க. சனிக்கிழமை."

பிள்ளை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எட்டு சீட்டு என்று சொன்னபோது றினோஸா இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிச்ச ஆறு சீட்டில் யார் வருவது என்று கேட்டாள். அதுதான் யோசிக்கிறேன் என்றான்.

"என்னத்துக்கு யோசிக்கிறயள்? அது சும்மா வரட்டும். நான் கால நீட்டிக்கிட்டுப் போறன்."

"வெறும் சீட்டோட போனா சனம் என்ன கதைக்கும்? சுபியானோட போறதுக்கு ஆறு பேர் கிடைக்கல்லயெண்டு கதைக்கும்."

"பதுளையில ஒங்கள ஆருக்குத் தெரியும்?"

இந்த மாதிரி நியாயமான கேள்விகள்தான் சுபியானுக்கு ஆத்திரத்தை உண்டாக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

இரண்டு ஒழுங்கை தள்ளி சபூறா ராத்தாவின் வீடு. சுபியானின் கூடப்பிறந்த மூத்தவள், அவனை இன்னும் மூக்குச் சிந்திவிடுகிற பிள்ளையாகவே நடத்துகிறவள். அவளும், கணவர் ஹயாத்து மச்சானும், மகளும், மருமகனும், பேரப்பிள்ளைகள் இரண்டுமாக வீட்டில் சரியாக ஆறு தலை. அளந்து வைத்தாற்போல இருந்தது. அவன் முழுவதும் சொல்லி முடிக்குமுன்னே ராத்தா சரியென்றாள். அடுத்த மூச்சில் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்றாள்.

அங்கே கடை இருக்கும், பாணோ பனிஸோ வாங்கிக்கொள்ளலாம் என்றான் சுபியான்.

"டூர் போய்ப் பனிஸ் திங்கிறயா? நோயாளியப் பாக்கவாடா போறம்?"

டூரென்றால் அந்த ஊரில் கிடாரத்தில், அந்தப் பெரிய அண்டாவில், சோறு ஏறவேண்டும். அந்தச் சோறு சஹனில் இறங்கவேண்டும். சஹன் என்பது பெரிய தட்டம்; சோற்றைக் குவித்து இறைச்சியை நடுவில் வைத்தால் சுற்றிவர ஆறு பேர் குந்திக் கை வைப்பார்கள். ஐந்து பேரென்றால் ஆறாவது ஆள் வரும்வரை காத்திருப்பார்கள். ஏழு பேரென்றால் ஒருவர் எழும்பி அடுத்த சஹன் தேடுவார். ஊரில் ஆட்களைத் தலையால் எண்ணுவது குறைவு. கலியாணத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால் நூற்றிருபது சஹன் என்றுதான் பதில் வரும்.

ராத்தா விரலை மடித்தாள். "நாங்க ஆறு பேர், ஒரு சஹன். மிச்சம் நீயும் அவளும். ரெண்டே ரெண்டு பேர் ஒரு சஹன்ல குந்திக்கிட்டிரிந்தா பாக்கிற சனம் என்ன நினைக்கும்? ஒங்கள விலக்கி வெச்சிரிக்கெண்டு நினைக்கும்."

சுபியானுக்கு உச்சி கொதித்தது. அவன் எடுத்த அறை, அவன் வைத்த பயணம், அதில் அவனே மிஞ்சின ஆள். ஆனால் ராத்தாவின் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் நாலு பேர் சேர்ந்தால் இரண்டாவது சஹன் நிறையும்.

மருதமுனையிலிருக்கும் றினோஸாவின் தம்பிக்குப் போன் அடித்தான். அவன், மனைவி, பிள்ளைகள் இரண்டு, சரியாக நாலு. பெண்சாதியின் ஆட்களைக் கூப்பிட்டால் அவளுக்கு சந்தோசம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தான். செய்தியைக் கேட்ட றினோஸா முகத்தில் சந்தோசம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

"அவன் வந்து எறங்கினா முதல் கேக்கிறது தேத்தண்ணி," என்றாள். "மறுகா கேக்கிறது கறி."

அடுத்த நாள் மில்லில், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பதுளைக்குப் பேசினான். பன்னிரண்டு பேரென்றால் இரண்டு அறை, நாலு சீட்டு மிஞ்சும் என்றாள் கிருசிகா. மிஞ்சினால் என்ன என்று அவன் கேட்கவில்லை. மிஞ்சுகிறது என்று கேட்டவுடனேயே அவனுக்கு முதுகு அரிக்கத் தொடங்கியிருந்தது. வேறு ஏதாவது தெரியவேண்டுமா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

நாலு பேரைப் பிடித்துத் தருவது தன் பொறுப்பு என்றார் ஹயாத்து மச்சான். அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளியில் எழுந்து நின்றார். சொல்லவேண்டியது நாலு சீட்டு. ஆனால் முப்பது வருடமாகக் கலியாண வீடுகளில் பரிமாறி நடந்த மனிதர் அவர். வாய் பழக்கத்தில் போயிற்று.

"பதுளைக்குப் போற பயணத்தில ஒரு சஹனுக்கு இடமிரிக்கி."

பின்வரிசையில் ஆறு கை உயர்ந்தது. ஒரே தோணியில் கடலுக்குப் போகிற ஆறு பேர். அலையடித்தாலும் காற்றடித்தாலும் பிரியாதவர்கள். சாப்பாட்டில் கேட்கவே வேண்டியதில்லை.

சுபியான் ஹயாத்து மச்சானைப் பள்ளி வாசலில் மறித்துப் பிடித்தான். "நாலெண்டுதானே சொன்ன நான். ரெண்டு பேரக் கழியுங்க."

"சஹனெண்டு சொல்லிக் குந்த வெச்ச ஆள எழுப்பிறயா? ஒனக்கு ஏலுமெண்டா நீ எழுப்பு."

தோணிக்காரர் ஆறு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டே சுபியானைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொருவனுடைய கையும் சுபியானின் தொடையளவு. அவன் எழுப்பவில்லை.

பதினெட்டுப் பேர். மூன்று சஹன். சீட்டு மட்டும் பதினாறு. ஆகவே மூன்றாவது அறை. மூன்று அறையென்றால் இருபத்திநாலு சீட்டு, மிச்சம் ஆறு. இந்த ஆறைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று சுபியான் நிய்யத்து வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை காலை முதலாளியிடம் லீவு கேட்கப் போனபோது, முதலாளி கேட்ட முதல் கேள்வி மிச்ச ஆறு சீட்டைப் பற்றித்தான். குணம் அதற்குமுன் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

முதலாளி வீட்டில் ஆறு பேர். சனிக்கிழமை கொழும்புக்கு அரிசி லொறி ஏற்றவேண்டும், லீவு தரமுடியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தானும் வரலாம் என்றார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, றினோஸாவின் கைப் புரியாணியைப் பற்றி ஊரில் சொல்கிறார்களே, தனக்குத்தான் இன்னும் வாய்க்கவில்லை என்றார். கேட்டாற்போலவும் இல்லை, கேட்காதது போலவும் இல்லை. சம்பளம் தருகிற ஆள் கேட்கவேண்டிய விதம் அதுதான்.

கிருசிகாவிடம் பேசிப் பயண நாளை ஞாயிறுக்கு மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை மூன்று அறையும் வெறுமையாகத்தான் இருந்தன. "அறை மூணும் உங்களுக்கேங்கண்ணே," என்றாள் அவள்.

இருபத்திநாலு பேர். மூன்று அறை. நாலு சஹன். ஒரு சீட்டு மிச்சமில்லை, சோற்றில் ஒரு கை மிச்சமில்லை. தூணுக்குப் பின்னால் நின்றபடி சுபியான் ஒரு நிமிடம் தன்னையே வியந்தான். எஞ்சினியர்மார் படித்துவிட்டுச் செய்கிற வேலையை அவன் மூடை சுமந்துகொண்டே செய்து முடித்திருக்கிறான். சமைப்பது யார் என்ற ஒன்றுதான் அந்தக் கணக்கில் இல்லை.

அதை அன்று மாலை சபூறா ராத்தா தீர்த்து வைத்தாள். பெரிய அடுப்பு றினோஸாவின் வீட்டில்தான் இருக்கிறது, விறகும் அங்கேதான் காய்ந்து கிடக்கிறது. கிடாரத்தை அங்கே இறக்கச் சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை பகலைக்கு இறைச்சி ஊறப்போட்டு, இரவு இஷாவோடு சோறேற்றினால் விடிய சுபஹுக்கு வெளிக்கிடலாம். வெங்காயம் உரிக்கத் தான் வந்து நிற்பதாகவும் சொன்னாள். வந்து நிற்பாள் என்பதில் சந்தேகமில்லை. ராத்தா நிற்பதில் கெட்டிக்காரி.

சுபியான் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, செய்தியைச் சொன்னான். றினோஸா இடியப்பத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நாலு சஹனா?"

"ஓம்."

"ஆரு ஆக்கிற?"

அவன் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். அவள் காத்திருந்தாள். ஒரு மனிதன் சுவர் சுரண்டும்போது இன்னொருவர் காத்திருப்பதைப் போல எரிச்சல் வேறில்லை. சுபியான் வெடித்தான். மூன்று நாளாகத் தூணுக்குப் பின்னால் நின்று பதுளைக்குப் பேசுகிறேன், ராத்தாவிடம் பேச்சு வாங்குகிறேன், மச்சானிடம் வாங்குகிறேன், முதலாளியின் காலைப் பிடிக்காத குறை; இடுப்பு ஒருபக்கம் உயிரை எடுக்கிறது என்றெல்லாம் கத்தினான்.

"இவ்வளவும் ஆருக்காகச் செய்யிறன்? ஒனக்காகத்தானே?"

அதை அவன் நம்பிக்கொண்டுதான் சொன்னான். அதுதான் அதில் மோசம்.

றினோஸா கடைசித் தட்டைத் துடைத்து வைத்தாள். "அந்தப் பதுளைப் புள்ளட நம்பரத் தாங்க," என்றாள்.

"என்னத்துக்கு?"

"ஆள் கணக்கு சரியா எண்டு கேக்க."

சுபியானுக்கு மனம் குளிர்ந்தது. ஒருவழியாக அவளும் பயணத்தில் இறங்கிவிட்டாள். தானே அவளுடைய பட்டன் போனில் நம்பரைக் குத்திக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பாண்டிருப்பிலிருந்து பாக்கியராசா வந்தான். சிறுவயதில் இருவரும் ஒன்றாகச் சூளையில் செங்கல் சுமந்தவர்கள். இப்போது அவனுக்கு வேன், இவனுக்கு மூடை. முற்றத்தில் கவிழ்த்துக் கிடந்த கிடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"முதல் ரெண்டு பேர் எண்டாய். என்ட வேன்ல பதினாலு பேர்தான் ஏறலாம். இப்ப நான் இன்னொருத்தன்ட பஸ்ஸக் கேட்டு வெச்சிருக்கன். இந்தக் கிடாரம் எந்தச் சீட்டுல குந்துறது?"

"அது ஓரமா வரும்."

"ஓரமா வராது சுபியான். இதுக்கு மூண்டு சீட்டு வேணும். அப்ப இருபத்தேழு. இன்னொரு அறை எடுக்கிறியா?"

சுபியான் கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கினான். வெள்ளிக்கிழமையாயிற்றே.

ஜும்ஆ முடிந்ததிலிருந்து வாசலில் ஆள் வந்துகொண்டேயிருந்தது. தோணிக்காரருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டிலப்பம் வேண்டுமாம். ராத்தாவின் மருமகனுக்கு யன்னல் சீட்டு வேண்டுமாம். முதலாளியின் தாய்க்கு முழங்கால் மடியாதாம், கதவோரம் வேண்டுமாம்; யன்னலும் இருந்தால் நல்லதாம். மருதமுனை மச்சான், பிள்ளைகளுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது, புகை வராத கரிக்கோச்சியாகப் பார்க்கமுடியாதா என்று போனில் கேட்டான். சுபியான் எல்லாருக்கும் யன்னல் கொடுத்தான். கொடுத்துக் கொடுத்து, மூன்று அறைக்கும் சேர்த்து இருந்த ஆறு யன்னலில் பதினான்கைக் கொடுத்துவிட்டான். கேட்காத ஒரே ஆள் அடுப்படியில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

பாக்கியராசா போகும்போது றினோஸா அவனை வேலிப்பக்கம் கூப்பிட்டு என்னவோ விசாரித்தாள். பஸ் நேரம் என்றது மட்டும் சுபியான் காதில் விழுந்தது. நாளை மறுநாள் வெளிக்கிடுகிற நேரத்தைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அடுப்படியை எட்டியும் பாராமல் போய், சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே மில்லுக்குப் போனான். கொழும்பு லொறி காத்துக்கொண்டு நின்றது. வழக்கமாக எட்டு மணிக்குள் வீட்டிலிருந்து யார் கையிலாவது இடியப்பமும் சம்பலும் வந்துவிடும். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று, வரவில்லை. நாலு சஹன் வேலையில் மறந்திருப்பாள் என்று முதலில் பொறுத்தான். பத்து மணிக்குப் பொறுமை தீர்ந்தது. வெறும் வயிற்றில் மூடை இரட்டிப்பாகக் கனக்கும், சுமந்தவனுக்குத் தெரியும். ஒன்றரை மணிக்குக் கடைசி மூடையைப் போட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்தபோது, பசி ஒரு பக்கமும் இடுப்பு மறுபக்கமும் இழுக்க, அவளிடம் சொல்லவேண்டிய நாலு வார்த்தையைச் சூடாக்கிக்கொண்டே போனான்.

முற்றத்தில் கிடாரம் நேற்றுக் கவிழ்த்த இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டு கிலோ இறைச்சி பேசினில் கிடக்க, ஈயை ஓட்டிக்கொண்டு சபூறா ராத்தா அடுப்படி வாசலில் நின்றாள். சொன்னபடியே வந்து நின்றிருந்தாள்.

"ஒன்ட பொண்டாட்டி எங்கடா மனே?"

அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. சாம்பல் அள்ளி, மெழுகி, பள்ளிவாசல் தரைபோல வைத்திருந்தது. காலையில் இடியப்பத்துக்கு வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்களாம். அரிசி களையாமல் கிடந்தது. வெங்காயம் ஆறு கிலோவும் உரிபடாமல் மூடையில் இருந்தது. அவளுடைய நல்ல அபாயாவும் குவைத்திலிருந்து கொண்டுவந்த கைப்பையும் கொடியில் இல்லை.

சுபியான் அவளுக்குப் போன் அடித்தான். மணி போயிற்று, எடுக்கவில்லை. மருதமுனைக்கு அடித்தான்; அங்கேயும் இல்லை. மூத்த மகனுக்கு அடித்தான். அவன், உம்மாவோடு என்ன சண்டை என்று திருப்பிக் கேட்டான். ஹயாத்து மச்சான் ஆஸ்பத்திரிவரை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இதற்கிடையில் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, புரியாணிக்கு முந்திரிக் கஜு போடுவீர்களா என்று கேட்டுவிட்டுப் போயிற்று.

"இப்ப நாலு சஹன ஆரு ஆக்கிற?" என்றாள் ராத்தா.

"நீங்க ஆக்குங்க."

"எனக்கு பிரஷர்."

"அப்ப நான் ஆக்குறன்," என்று சுபியான் சீறினான். ஆத்திரத்தில் வாய் சொன்னதைக் கை செய்யவேண்டி வந்தது. அடுப்புக்கு முன்னால் குந்தினான். தென்னம்பாளையை வைத்தான், பொச்சு மட்டையை வைத்தான், நெருப்புக்குச்சி கிழித்தான். பாளை உள்ளே இன்னும் பச்சையாக இருந்தது. குனிந்து ஊதினான். புகை கண்ணையும் மூக்கையும் அடைத்தது. இன்னும் குனிந்து, இருபத்தாறு வருட மூடைச் சுமையையும் சேர்த்து ஓர் ஊது ஊதினான். இடுப்பில் ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அதோடு அவன் நிமிரவில்லை. ஊத வைத்த வாயும் மடித்த முதுகுமாக அப்படியே நின்றுவிட்டான். ராத்தா ஒரு கையைப் பிடித்தாள், மச்சான் மறுகையைப் பிடித்தார். தொட்டால் உயிர் போகிறது என்று அவன் அலறினான். ஆகவே விட்டுவிட்டார்கள். தோணிக்காரர் ஆறு பேரும் வட்டிலப்பத்துக்குத் தேங்காயோடு வந்து, அடுப்படி வாசலில் வரிசையாக நின்று அவனைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பாக்கியராசாவின் வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்தவன் சுபியானின் முகத்தைப் பார்ப்பதற்காகத் தானும் குனிந்தான்.

"தங்கச்சி எங்கயெண்டு தேட வேணாம்," என்றான். "விடிய நீ பள்ளிக்குள்ள நிக்கக்குள்ள நான்தான் பதுளை பஸ்ஸுல ஏத்திவிட்டன். ரெண்டு மணிக்குப் பிறகு போய்ச் சொல்லச் சொன்னா."

தன் போனைச் சுபியானின் மூக்குக்கு நேரே பிடித்தான். அந்த கிருசிகாப் பிள்ளை எடுத்து அனுப்பிய படம். கறுத்த எஞ்சின் புகை கக்கிக்கொண்டு நின்றது. எஞ்சினுக்கு அடுத்த திறந்த பெட்டியில் றினோஸா காலை நீட்டிக் குந்தியிருந்தாள். கன்னத்தில் ஒரு விரலளவு கரி. கையில் யாரோ ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி. இருபத்தெட்டு வருடத்தில் சுபியான் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. கரி எரிகிற எஞ்சின் அடுப்புக்கு இத்தனை கிட்ட, அதை மூட்டவேண்டிய பொறுப்பில்லாமல் அவள் குந்தியிருந்தது அதுதான் முதல்தரம்.

"எப்பிடி விட்டாங்க?" வலியோடும் புகையோடும் சுபியான் பல்லைக் கடித்தான். "எட்டுப் பேரில்லாம அறை குடுக்க மாட்டாங்களே. அவ ஒராள்."

பாக்கியராசா போனைச் சட்டைப் பையில் போட்டான். அணைந்துகொண்டிருந்த பாளையைக் காலால் அடுப்புக்குள் தள்ளிவிட்டான்.

"அந்தத் திறந்த பெட்டியில ஒத்தையா எடுக்கிற சீட்டு முதல் நாள் தொட்டே இருந்ததாம் சுபியான், நீ ரெண்டு பேர் எண்டு அந்தப் புள்ளக்கிட்ட சொல்லவேயில்லயாம், மறுகா, தங்கச்சி சொல்லச் சொன்னது, இது அவ தானா எடுத்த நாளாம், அடுப்புப் பத்த வைக்காத ஒரு நாள் நீ அவக்கு இன்னும் கடனாம்."